எந்தத் தெரு ஆளு?

"இது எந்த ஊரு ஆளு குடுத்ததும்மா?"

ஐயனார் மறுபடியும் கேட்டார். நர்ஸ் ஷர்லி கட்டில் பக்கம் திரும்பினாள். அவள் கையில் பிளேட்லெட் பை இருந்தது.

கட்டிலில் ஐயனாரின் மகள் ரம்யா. கீரமங்கலத்திலிருந்து புதுக்கோட்டைக்குப் போய்க் காலேஜ் படிக்கிற பெண். எலும்புக்குள் ரத்தம் ஊறுவது நின்றுபோன நோய். காலையிலிருந்து ஈறில் ரத்தம் கசிந்துகொண்டே இருந்தது. ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் என்கிற தட்டணுக்கள் அவள் உடம்பில் அநேகமாக இல்லை. மருந்து வேலை செய்யும்வரை யாராவது கொடுத்து உதவினால்தான் உண்டு.

ஆனால் போன தடவை அந்த உதவியே ஆபத்தாகிவிட்டது. பாதிப் பை ஏறுவதற்குள் உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சுக்குத் திணறினாள். ஊசி போட்டுத்தான் மீட்டார்கள். தட்டணுக்கள் மேல் குற்றமில்லை, அவற்றோடு சேர்ந்து வந்த பிளாஸ்மாதான் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றார் டாக்டர். இந்தத் தடவை திருச்சியிலிருந்து வேறு மாதிரிப் பை வரவழைத்திருந்தார்.

அதைத்தான் ஷர்லி ஐயனாருக்கு விளக்கிக்கொண்டிருந்தாள். கொடுத்தவரின் பிளாஸ்மாவில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, இதற்கென்றே தயாரிக்கிற ஒரு உப்புக் கரைசலில் தட்டணுக்களைச் சேமித்திருக்கிறார்கள். இதில் அலர்ஜி வருவது குறைவு. அறவே வராது என்று சொல்ல முடியாது. பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்கிறேன் என்றாள்.

ஐயனார் யோசித்தார்.

"அப்ப இதுல அந்த ஆளோடது எம்புட்டுத்தான் இருக்கு?"

ஷர்லியின் முகம் மாறியது. ரத்தம் ஏற்றுவதற்கு முன் கொடுத்தவனின் சாதியை விசாரிக்கிற ஆட்களை அவள் பார்த்திருக்கிறாள். இவர் அதற்கும் ஒருபடி மேலே போய் அளவு கேட்கிறார்.

"தட்டணு அத்தனையும் அவரோடதுதான். வேணாமா?"

"ஐயையோ, போடும்மா."

ஷர்லி பையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து மெல்ல அசைத்தாள். வெளிர் மஞ்சள் நீருக்குள் பட்டுத்துணி திரும்புவதுபோல ஏதோ சுழன்று மினுங்கியது. உயிரோடு இருக்கிற தட்டணுக்கள் அப்படித்தான் சுழலும் என்றாள் வேண்டாவெறுப்பாக.

ஐயனார் தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

சொட்டுச் சொட்டாக ஏறியது. ரம்யாவின் கழுத்தையும் கையையும் ஷர்லி தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பாதிப் பை தாண்டியது. தடிப்பு இல்லை. மூச்சு சீராக இருந்தது. "நல்லாத்தாம்ப்பா இருக்கு" என்று சொல்லிவிட்டு ரம்யா கண்ணை மூடினாள். பை காலியாகிக் கொஞ்ச நேரத்தில் ஈறுக் கசிவும் குறையத் தொடங்கியது.

எங்கேயோ, யாரோ ஒருவர் உடம்பில் ஓடியது. அவரை விட்டு வந்து, ஏதோ ஒரு தண்ணீரில் உயிரைப் பிடித்துக்கொண்டு இருந்து, கீரமங்கலத்துப் பெண்ணின் வாயில் ரத்தத்தை நிறுத்துகிறது. ஐயனார் காலிப் பையையே பார்த்துக்கொண்டு நின்றார். அப்புறம் ஷர்லியின் பின்னாலேயே வராந்தாவுக்கு வந்தார்.

"பேரு சொல்ல வேணாம்மா. எந்தத் தெரு ஆளு, என்ன சாமி கும்பிடுறவுக, அதை மட்டும் சொல்லு."

ஷர்லி நின்றுவிட்டாள்.

"ஏறினது ஏறிருச்சு. இப்ப சாதி தெரிஞ்சு என்ன செய்யப் போறீங்க? திருப்பி எடுத்துருவீங்களா?"

ஐயனார் திகைத்துப்போனார்.

"சாதிய ஆரு கேட்டா? எம்மகளுக்காக எங்க சாமிகிட்ட நான் வேண்டிக்கிட்டேன். அந்தப் புண்ணியவான் குடும்பத்துக்காக அவுக சாமிகிட்டயும் போயி ஒருதரம் விழுந்து எந்திரிக்கணும்னு பாத்தேன்."

ஷர்லியால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. கொடுத்தவர் யார் என்று தனக்கே தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது என்றாள் மெதுவாக.

"அப்பச் சரி, எல்லாத்துக்கும் போயிட்டு வந்துர்றேன். கோயிலு தெரியும், பள்ளிவாசல்ல கூட்டாளி இருக்காரு. மாதா கோயில்ல எப்பிடிக் கும்பிடணும்னு நீ சொல்லிக் குடு தாயி."