ஒரே இரவில் இரண்டு விமான நிலையங்கள்

1969 ஜூன் 12, வியாழக்கிழமை, மேற்கு ஜெர்மனியின் பான் நகரம். நார்வேயின் வடகோடியில் ட்ரோம்சோ, கிர்கெனெஸ் என்று இரண்டு விமான நிலையங்கள். இரண்டுக்கும் இடையே ஆகாய தூரம் சுமார் நானூற்றிருபது கிலோமீட்டர்.

"மேப்ல ஸ்கேல் வெச்சா அளந்தே?" என்று கேட்டான் சிதம்பரம். மாணவர் விடுதி அறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஸ்கேலா? பூமி உருண்டைடா. பிளேன் போற கோடு வடக்கே வளையும். அதையும் சேர்த்துத்தான் கணக்கு" என்றான் சேஷாத்ரி.

பூமியை அளக்கும் துறையில் அவனுக்கு நாலாவது வருஷம். அந்த வளைவைப் பற்றிக் கேட்காதவர்களிடமும் சொல்லிவிடுவான்.

ட்ரோம்சோவில் ஒரு நட்சத்திரத்தின் நிலையை அளக்க வேண்டும். உடனே வாடகை விமானத்தில் பறந்து, அதே இரவில் கிர்கெனெஸிலும் அளக்க வேண்டும். பிப்ரவரியில் எழுதிக் கொடுத்த திட்டம். பணம் இப்போதுதான் வந்திருந்தது. உதவித்தொகை ஜூலையோடு முடிகிறது. இந்த அளவு கிடைக்காவிட்டால் டாக்டர் பட்டம் இல்லாமல் மெட்ராஸுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

"ஃப்ளைட் எவ்வளவு நேரம்?"

"சின்ன பிளேன். ஒன்றரை மணி. எதிர்க்காத்து அடிச்சா இன்னும் கால் மணி. அதுவும் கணக்குல இருக்கு."

"பைலட் தும்மினா?"

"சிரி, சிரி. சயின்ஸ்னா எதையும் விட்டுடக் கூடாது."

தாழ்வாரத்தில் டெலிபோன் மணி அடித்தது. பேசியவர் துறைச் செயலாளர் திருமதி ப்ரூனர். ட்ரோம்சோவில் அறை கிடைத்துவிட்டது. ஜன்னலுக்குக் கறுப்புத் திரை வேண்டுமா என்று ஹோட்டலில் கேட்கிறார்கள் என்றார்.

"வேண்டாம். இரவில் எனக்கு வேலை இருக்கிறது, தூங்கப் போவதில்லை" என்று சொல்லிவிட்டுச் சேஷாத்ரி திரும்பினான்.

"கறுப்பு கர்ட்டனாம்டா. என்னை போட்டோகிராபர்னு நினைச்சுட்டான் போல."

இருவரும் சிரித்து முடிப்பதற்குள் மறுபடியும் மணி. திருமதி ப்ரூனர்தான். இந்த முறை சேஷாத்ரி வெகுநேரம் கேட்டுக்கொண்டே நின்றான்.

உள்ளே வந்தவன் மேஜையிலிருந்த கணக்குத் தாள்களை எடுத்துச் சிதம்பரத்தின் பக்கம் தள்ளினான்.

"வெங்காயத் தோலை இதுல போடு."

"என்னடா ஆச்சு?"

"நடு ராத்திரியிலயும் வெயில் மூஞ்சில அடிக்குமே, திரை வேண்டாங்கறாரேன்னு ஹோட்டல்காரன் கேட்டானாம்."

சிதம்பரம் கத்தியைக் கீழே வைத்தான். "அப்போ அங்கே எப்போதான் இருட்டும்?"

"ஆகஸ்ட்ல."

சேஷாத்ரி ஒரு வெங்காயத் தோலை எடுத்துக் கணக்குத் தாளின் மேல் போட்டான். பிறகு சொன்னான்:

"உருண்டைன்னு ஞாபகம் இருந்ததுடா. சாய்ஞ்சிருக்குன்னுதான் மறந்துட்டேன்."