குண்டமும் குதிகாலும்

"என்ற சம்சாரம் ஓடுன ஓட்டத்தப் பாத்தீங்கல்ல? பக்தி இருந்தா ஏனுங்க ஓடோணும்?"

வாசலில் நாற்காலி போட்டுக்கொண்டு தர்மகர்த்தா தண்டாயுதபாணி கேட்க, வந்திருந்தவர்கள் ஆமாம் போட்டார்கள்.

அன்று காலை மாரியம்மன் கோயில் தீக்குண்டத்தில் அவர் குதிகாலை ஊன்றி ஊன்றி, மாப்பிள்ளை ஊர்வலம் மாதிரி நிதானமாக நடந்தார். பின்னால் இறங்கிய பெரியநாயகி நாலே எட்டில் தாண்டிவிட்டாள்.

"வெரதத்துல குத்தமிருந்தா கொப்புளம் வந்துரும். கொப்புளம் வந்தவங்க பண்டிகை முடியற வரைக்கும் கோயில் படி ஏறக் கூடாது. நான் போட்ட சட்டமுங்க!"

உள்ளே மாவிளக்குக்கு அரிசி இடித்துக்கொண்டிருந்த பெரியநாயகிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டு வருஷம் குதிகால் வலியில் இந்த மனுஷன் அழுதது அவளுக்கல்லவா தெரியும்! போன மாசம் சேலத்துக்குப் புதிதாக வந்த டாக்டரிடம் இழுத்துப் போனதும் அவள்தான்.

கத்தி வைக்கவில்லை. ஊசி மாதிரி ஒரு கம்பியை ரெண்டு குதிகாலிலும் நுழைத்து, நரம்பை ஐஸாக உறைய வைத்தார் டாக்டர். வலி போன இடம் தெரியவில்லை. ஊருக்குள் இவர் சொன்னதோ, "ஆத்தா கொணமாக்கிட்டா!"

கிளம்பும்போது டாக்டர் அவளிடம் சொல்லியிருந்தார். "மூணு மாசத்துக்குக் குதிகால் மரத்துத்தாம்மா இருக்கும். முள்ளு குத்தினாலும், சுட்டாலும் அவருக்குத் தெரியாது. தினமும் நீங்கதான் பாக்கணும்."

கூட்டம் கலைந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டாள்.

"காலை நீட்டுங்க."

"எனக்கென்ன கேடு? உன்ற காலைப் பாரு மொதல்ல!"

பார்த்தாள். துளிச் சிவப்புகூட இல்லை. பிறகு அவர் காலைத் தூக்கிக் காட்டினாள். ரெண்டு குதிகாலிலும் எலுமிச்சம்பழம் அளவுக்குக் கொப்புளம்!

தண்டாயுதபாணிக்கு முகம் வெளுத்துவிட்டது. "வெளிய சொல்லிராதே சாமி. மானமே போயிரும்!"

பெரியநாயகி எழுந்துபோய்ப் பக்கத்து வீட்டில் தீப்புண் களிம்பு கேட்டாள். அதை எடுத்துக்கொண்டு அந்த வீட்டு மாரக்காள் பின்னாலேயே வந்துவிட்டாள்.

"யாருக்கு புள்ள கொப்புளம்?"

பெரியநாயகி இடித்து வைத்த மாவை ஒரு தரம் பார்த்தாள்.

"எனக்குத்தானுங்க்கா. நாளைக்கு மாவெளக்கு நீங்களே எடுத்துக்குங்க."

கட்டிலில் போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டு தண்டாயுதபாணி கனைத்தார்.

"நான்தான் அப்பவே சொன்னேனே மாரக்கா, இவ வெரதத்துல குத்தமின்னு!"