இரவல் குரல்

கிவு ஏரிக்கரை மாதா கோயில் கூடத்தில் இன்று ராணுவ நீதிமன்றம் கூடியிருக்கிறது. உச்சி வெயிலில் தகரக் கூரை சடசடக்கிறது. நீலத் திரைக்குப் பின்னால் நபின்து தலை முதல் கால்வரை கறுப்புத் துணியால் மூடி உட்கார்ந்திருக்கிறாள். கண்ணுக்கு மட்டும் இரண்டு ஓட்டை. இங்கே அவளுக்குப் பெயர் கிடையாது, மூன்றாம் சாட்சி. "குரலையும் மிஷின் மாத்திடும் அக்கா, யாருக்கும் அடையாளம் தெரியாது," என்கிறாள் வக்கீல் ரிசிகி. "என் புருஷனுக்கு?" "உங்களுக்கே தெரியாது." "இது வீட்டுல இருந்திருந்தா நிம்மதியா அவர வைஞ்சிருப்பேனே." இருவரும் சத்தமில்லாமல் சிரிக்கிறார்கள். பிறகு அவள் பேசுகிறாள். ஒலிபெருக்கியிலிருந்து ஓர் ஆணின் கரகரத்த குரல் வருகிறது. திடுக்கிட்டுத் திரும்பிப் பார்க்கிறாள். பின்னால் வெறும் சுவர். சண்டை நடந்த அந்த மாதம், மரவள்ளிக் காடு, மழை, பூட்ஸ் கால்கள் என்று சொல்லிக்கொண்டே போகிறாள். ஒவ்வொரு சொல்லையும் அந்த ஒலிபெருக்கி ஆண் ஒரு மூச்சு பிந்திச் சொல்கிறான். திரையின் கிழிசலில் எதிர்ப் பெஞ்சு தெரிகிறது. குற்றம் சாட்டப்பட்ட சார்ஜெண்ட் கலோம்போ தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு நகத்தில் அழுக்கெடுக்கிறான். "அன்னைக்கு அவர் என்ன சொன்னார்? அதே வார்த்தையில சொல்லுங்க," என்கிறார் நீதிபதி. நபின்து உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு மெல்ல முணுமுணுக்கிறாள். "சத்தம் போட்ட, மொதல்ல உன் புள்ள கழுத்துலதான் கத்திய வைப்பேன்," என்கிறது ஒலிபெருக்கி. கூடத்தில் ஒருவரும் திரையைப் பார்க்கவில்லை. அத்தனை தலைகளும் சார்ஜெண்ட் பக்கம் திரும்புகின்றன. அவன் கை தானாக எழுந்து தன் வாயைப் பொத்திக்கொள்கிறது.