பத்து கிராம் கூடவோ குறையவோ

எடை மெஷின் ஆயிரத்து எண்ணூற்று ஐந்து கிராம் என்று காட்டியதும் சிஸ்டருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அப்பாடா, இந்தக் குடும்பம் இன்றைக்கு வீட்டுக்குக் கிளம்பிவிடும்.

"பத்து கிராம் கூடவோ குறையவோ," என்றார் குழந்தையின் அப்பா.

வந்த உயிர் மறுபடியும் போய்விட்டது.

பதினாறு நாளாகக் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளித்துப்போன வார்த்தை அது. குறைமாதத்தில் பிறந்த பையன். எடை ஆயிரத்து எண்ணூறைத் தொட்டால்தான் வீட்டுக்கு அனுப்பலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் இந்த மனிதர் ஒரு கையில் நோட்டும் மறு கையில் பேனாவுமாக மெஷின் பக்கத்தில் வந்து நின்றுவிடுவார்.

அவருக்கு வேலை, அளவுக்கருவிகளைச் சரிபார்க்கும் ஏதோ ஒரு ஆய்வுக்கூடத்தில். அதை அங்கேயே விட்டுவிட்டு வரக் கூடாதா?

மாட்டார். மூன்று தடவை எடை போடச் சொல்வார். மூன்றையும் கூட்டி வகுத்து சராசரி எடுப்பார். மெஷினின் பிழை ஐந்து கிராம், குழந்தை கையைக் காலை ஆட்டுவதில் ஐந்து கிராம், ஆகமொத்தம் பத்து என்று எழுதி அடிக்கோடு போடுவார். வார்டில் அவருக்குக் 'கூடக்குறைய' என்றே பெயர் வைத்தாகிவிட்டது.

நேற்று மெஷின் காட்டியது ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து. பத்து கிராம் பிழையைச் சேர்த்துக்கொண்டால் எண்ணூறைத் தாண்டியிருக்கலாமே, அனுப்பிவிடுங்கள் என்று அரை மணி நேரம் அவள் உயிரை வாங்கினார். அவளும் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, வார்டே திரும்பிப் பார்க்கும்படி கத்திவிட்டாள்.

"உங்க பிழையெல்லாம் உங்க ஆபீசோட வச்சுக்குங்க சார். இங்க மெஷின் சொல்றதுதான் கணக்கு!"

இன்றைக்கு மெஷின் சொல்லிவிட்டது. குழந்தையின் அம்மா பையைக் கட்டி, செருப்பையும் மாட்டிக்கொண்டு நிற்கிறாள். இவரோ நோட்டைப் புரட்டுகிறார்.

"நிஜ எடை எழுநூத்தித் தொண்ணூத்தஞ்சாவும் இருக்கலாம், சிஸ்டர். இன்னும் ஒரு நாள் வச்சுப் பாக்கலாமே."

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "நேத்து ஒரு பேச்சு, இன்னிக்கு ஒரு பேச்சா?"

"பிழை ரெண்டு பக்கமும்தானே, சிஸ்டர்."

"நீங்க அனுப்பமாட்டீங்கன்னு இவருக்குத் தெரியும், அந்தத் தைரியத்துலதான் நேத்து சண்டை போட்டார்," என்றாள் மனைவி. பதினாறு நாள் வார்டில் தூங்காமல் கிடந்த எரிச்சல் அவள் குரலில் இருந்தது. "இன்னிக்கு நெஜமாவே போகச் சொன்னதும் நடுங்குது."

அவர் காதெல்லாம் சிவந்துபோயிருந்தது.

"வீட்ல இவன் மூச்சு விடறானான்னு எந்த மெஷினைப் பாக்கறது?" என்று நோட்டைப் பார்த்தே கேட்டார்.

நன்றாக நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று சிஸ்டர் வாயைத் திறந்தாள். அதற்குள் தட்டில் கிடந்த பையன் காலை உதறினான். மெல்லிய கோடாக ஒன்று மேலே எழும்பி, தட்டின் விளிம்பைத் தாண்டி, நேராக அப்பாவின் நோட்டில் விழுந்தது. நோட்டில் விழுந்தது போக மிச்சம் அவர் கையில்.

பதினாறு நாள் சராசரியும் நீல மையோடு கரைந்து ஓடியது.

மெஷின் குரல் கொடுத்தது. சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள். ஆயிரத்து எழுநூற்றுத் தொண்ணூற்றைந்து.

நாசமாகப் போக! மெஷின் சொல்வதுதான் கணக்கு என்று ஊர் கேட்கக் கத்தியவள் அவளேதான். இனி இந்த மனிதர் வாயை மூடுவாரா? இன்னும் ஒரு நாள் சராசரி, இன்னும் ஒரு நாள் அடிக்கோடு. அவள் கண்ணை மூடிக்கொண்டு காத்திருந்தாள்.



கண்ணைத் திறந்தபோது அவர் மெஷினைப் பார்க்கவே இல்லை. நனைந்த கையை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றார்.

"சூடா இருக்கு, சிஸ்டர்," என்றார்.

பிறந்த குழந்தைக்கு வேறு எப்படி இருக்கும் என்று எரிந்து விழப்போனவள் சட்டென்று நிறுத்திக்கொண்டாள். பையனைப் படுக்கவைத்திருந்த கண்ணாடிப் பெட்டியின் சன்னலைத் திறந்து, கையை உள்ளே விடுங்கள் சார் என்று அவளே எத்தனை தடவை சொல்லியிருக்கிறாள்! ஒவ்வொரு தடவையும் ஒரு கையில் நோட்டு இருந்தது, மறு கையில் பேனா இருந்தது.

பதினாறு நாளில் அவர் பையனை ஒரு தடவைகூடத் தொட்டதில்லை. இன்றைக்குப் பையன்தான் முந்திக்கொண்டிருக்கிறான்.

அவர் நோட்டைக் கீழே வைத்தார். பேனாவையும் வைத்தார். இரண்டு கையையும் நீட்டினார்.

"மொதல்ல போய்க் கையக் கழுவிட்டு வாங்க சார்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கும்படி சிஸ்டர் கத்தினாள்.

அவர் குழாயடிக்கு ஓடினார். அவள் படிவத்தை இழுத்து, முதலில் போட்ட எடையை எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.