வெளிப்பூட்டு

"கண் தெரியாத குமர்ப்பிள்ளை, டொக்டர். வெளியால பூட்டிப்போட்டுத்தான் தகப்பன் வேலைக்குப் போறான். நீங்கள் கேக்காட்டி வேற ஆர் கேக்கிறது?"

குமாரசிங்கம் சொன்னதைக் கேட்டு டொக்டர் பரமலிங்கம் கையிலிருந்த ஊசியைத் தட்டில் வைத்தார். அப்புத்தளைக்குக் கீழே இருந்த அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அவர் வந்தது 1955இல், அந்த மாதம்தான். குமாரசிங்கம் தோட்டத்து ஆபீஸ் கிளாக்கர். பல வருஷமாக அங்கேயே இருப்பவர்.

"அடிக்கிறவனோ?"

"கையில கண்டின காயம் கிடக்கு. வேற என்னத்தைச் சொல்லுறது?"

"ஒரு நெருப்புப் பிடிச்சால் அந்தப் பிள்ளை எப்பிடி வெளியில வரும்? வாரும், இப்பவே போவம்."

மதியச் சாப்பாட்டு நேரம். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிவிட்டு மலையிலிருந்து இறங்கிய தகப்பன் ஆண்டியப்பன், தொழிலாளர் லயத்தில் கடைசி வீடான தன் காம்பராவைத் திறக்க வந்துகொண்டிருந்தான். டொக்டர் அவனை வாசலிலேயே மறித்தார்.

"பூட்டி வைக்க அவள் என்ன மாடா?"

"பூட்டு இருக்கட்டுங்கய்யா. தாயில்லாத புள்ள."

"அப்ப அந்தக் காயம்? நீதானே அடிச்சனி?"

"நா அடிக்கலிங்க. அது பூட்டுப் போடுறதுக்கு முந்தி வந்த காயம்." ஆண்டியப்பன் தலையைக் குனிந்துகொண்டான். "அதுக்கு மேல கேக்காதீங்க சாமி."

"இன்னொருக்கா இந்தக் கதவில பூட்டைக் கண்டால் பொலிசுக்குச் சொல்லுவன்."

திறப்பை வாங்கி டொக்டரே கதவைத் திறந்தார். பூட்டைத் தேயிலைச் செடிகளுக்குள் வீசி எறிந்தார்.

உள்ளே சுவரோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு காத்தாயி உட்கார்ந்திருந்தாள்.

"யாருப்பா?"

"புது டாக்டரய்யா, தாயி."

"பயப்படாதை தங்கச்சி. இனி உன்னை ஒருத்தரும் பூட்டி வைக்க மாட்டினம்" என்றார் டொக்டர்.

அவள் முகம் வெளிறியது. "பூட்டைக் குடுத்துட்டியாப்பா?"

ஆண்டியப்பன் அவள் பக்கத்தில் போய் நின்றான்.

டொக்டர் திரும்பிப் பார்த்தார். லயத்துக்கு வந்ததிலிருந்து வாய் திறக்காத குமாரசிங்கம் வெளியே தண்ணீர் ஓடும் கானோரமாக நின்றிருந்தார்.

"அங்க ஏன் நிக்கிறீர்? இந்தப் பிள்ளைக்காக என்னட்ட வந்தது நீர்தானே. ஒரு வார்த்தை சொல்லும், அவளுக்குத் தைரியம் வரட்டும்."

குமாரசிங்கம் வேண்டாமென்று தலையசைத்தார். டொக்டர் விடவில்லை. தோளைப் பிடித்து உள்ளே கூட்டிவந்தார்.

"ஒண்டுக்கும் பயப்படாதை, காத்தாயி" என்றார் குமாரசிங்கம், மெல்ல.

காத்தாயி தரையைத் தடவித் தகப்பனின் காலைத் தேடிப் பிடித்துக்கொண்டாள்.

"இந்தக் கொரலுதாப்பா. அன்னிக்கி நீ வேலைக்குப் போனப்ப உள்ள வந்தவன்."