உதயரூபனின் கணினி

வாவியில் பட்டுத் தெறிக்கும் வெயிலில் திரை மங்கித் தெரிகிறது. கடவுச்சொற்களைப் பூட்டிவைக்கும் மென்பொருளின் புதிய பதிப்பை நிருஷா தன் மடிக்கணினியில் மூன்றாம் தடவையாக ஏற்றிப் பார்க்கிறாள். உரிமம் இரண்டு கணினிகளுக்குத்தான், ஒன்றை நீக்கு என்கிறது அது. பட்டியலில் இருப்பவை வீட்டுக் கணினியும் அண்ணன் உதயரூபனுடையதும். அவனுடைய கணினியைச் சுனாமி கொண்டுபோய் ஐந்து வருடம். அவன் வன்னிப் போரில் காணாமல் போய் ஒரு வருடம். "கடல் கொண்டுபோன பெட்டிக்கு எதுக்கம்மா உரிமம்? எடுக்கவா?" என்று உள்ளே பார்த்துக் கேட்கிறாள். மீன் வெட்டிய கையோடு அம்மா வந்து நிற்கிறாள். "குடும்ப அட்டையிலயும் அவன்ட பேரை எடுக்கத்தான் கவர்மென்ட்காரனுகள் சொல்றானுகள். நீயுமா புள்ள?" நிருஷாவுக்கு எரிச்சல் பற்றிக்கொண்டு வருகிறது, அம்மா மேல் அல்ல. நன்றாக வேலைசெய்யும் வீட்டுக் கணினியைத் தெரிவுசெய்து, நீக்குகிறாள்.