பர்னருக்குள் விறகுச் சாம்பல்

விறகுப் புகை பட்டால் புருஷன் தியாகுவுக்கு மூச்சு முட்டியதால், கஹவத்தைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் செல்வமலர் மண் அடுப்பை இடித்துவிட்டு, அதே இடத்தில் கேஸ் அடுப்பை வைத்தாள். மறுநாளே பர்னர் அடைத்துக்கொண்டது. கழற்றித் தட்டினால் உள்ளே சுடச்சுட விறகுச் சாம்பல். ஓட்டை ஓட்டையாக ஊசியால் குத்தி எடுத்தாள். தினமும் அதே கதை.

“பழைய அடுப்பையே கட்டிருவோமா புள்ள?” என்றான் தியாகு.

“கட்டுவோம். அப்புறம் ஒங்களையும் அதுலயே வச்சு எரிச்சிடுவோம். சும்மா படுங்க.”

அன்றைய சாம்பலைத் தாளில் தட்டிக்கொண்டு போய், லயத்துக்குப் பின்னால் மூன்று கல்லை வைத்து நடுவில் கொட்டினாள். “இனி ஒனக்கு எடம் இதுதான். உள்ள வராத.”

அதன்பிறகு பர்னர் அடைக்கவில்லை. தியாகுவும் இரைப்பில்லாமல் தூங்குகிறான். விடியற்காலையில் அவள் கேஸில் தேத்தண்ணி வைக்கும்போது, கொட்டும் மழையிலும் பின்னால் அந்தக் கற்களுக்கு நடுவே நெருப்பு எரிகிறது. அங்கே யாரும் விறகு வைப்பதில்லை.